“தங்கள் பாதுகாப்பே எங்களுக்கு முக்கியம்” என்று மெயில் அனுப்புகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் தகவல்களைப் பறிகொடுத்த நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு பத்தே முக்காலுக்கு, உங்களில் ஒருவரிடமிருந்து எனக்கு மெயில் வந்தது. ‘தங்கள் கணக்கு குறித்த முக்கிய அறிவிப்பு’ என்று தலைப்பு. வழக்கமான விளம்பரமாக இருக்கும் என்று அழிக்கப் போய், விரல் தவறித் திறந்துவிட்டேன். எந்த நிறுவனம் என்று இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பெயரை எடுத்துவிட்டு உங்களில் யார் பெயரைப் போட்டாலும் அந்த மெயில் பொருந்தும்.

ஐந்தே வாக்கியம். அண்மையில் ஒரு பாதுகாப்பு நிகழ்வு எங்கள் கவனத்துக்கு வந்தது. தங்களின் சில தகவல்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம். அவை தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு இதுவரை ஆதாரம் இல்லை. முன்னெச்சரிக்கையாகக் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளவும். தங்கள் பாதுகாப்பே எங்களுக்கு முக்கியம்.

படித்ததும் எனக்குள் எழுந்த முதல் கேள்வி, இவர்களிடம் எனக்குக் கணக்கு இருக்கிறதா என்ன? தேடிப் பார்த்தேன். இருந்தது, நான்கு வருஷத்துக்கு முன்னால் நானே மூடிய கணக்கு. ‘தங்கள் கணக்கு வெற்றிகரமாக நீக்கப்பட்டது’ என்று நீங்கள் அப்போது அனுப்பிய மெயில்கூட இன்னும் பத்திரமாக இருக்கிறது. நீக்கிய கணக்கிலிருந்து தகவல் எப்படித் திருடு போகும்? அதற்கு அப்புறம் வருகிறேன்.

திருட்டு நடந்ததற்காக நான் இதை எழுதவில்லை. எவ்வளவு நல்ல பூட்டுப் போட்டாலும் ஒருநாள் எவனாவது திறந்துவிடுவான், அது தெரியும். என் கோபமெல்லாம் அந்த ஐந்து வாக்கியத்தின் மேல்தான். என்ன போனது, எப்போது போனது, எந்த நிலையில் போனது என்று நீங்கள் சொன்னால்தான் என்னை நான் காப்பாற்றிக்கொள்ள முடியும். சட்டப்படி எதையாவது கேட்பதாக இருந்தாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த மெயிலோ, பின்னால் உங்களுக்கு வம்பு வராதபடி உங்கள் வக்கீல் பார்த்துப் பார்த்து எழுதியது போல இருக்கிறது.

‘ஆதாரம் இல்லை’ என்ற வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திருடியவன் உங்களுக்கு ரசீது அனுப்புவானா? லிங்க்ட்இன் தளத்திலிருந்து 2012இல் கடவுச்சொற்கள் திருடு போனபோது வெளியே தெரிந்த எண்ணிக்கை 65 லட்சம். நான்கு வருஷம் கழித்து, 2016இல், அதே திருட்டில் போன 11 கோடியே 70 லட்சம் பேரின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் விற்பனைக்கு வந்தன. யாஹூவின் கதை இன்னும் மோசம். 2013இல் நடந்த திருட்டை 2016இல் சொன்னார்கள், நூறு கோடிக் கணக்குகள் என்று. மறு வருஷம் திருத்திக்கொண்டார்கள்: முந்நூறு கோடி, அதாவது அப்போது இருந்த எல்லாக் கணக்குகளும். திருட்டுப் போன தகவல் ஊறுகாய் மாதிரி, எத்தனை வருஷம் கழித்து எடுத்தாலும் பயன்படும். ‘இதுவரை’ என்ற சொல்லுக்கு இந்த விஷயத்தில் ஒரு மதிப்பும் கிடையாது.

‘சில தகவல்கள்’ என்றால் எவை? கார்டு எண் என்றால் கவலை ஒருநாள்தான். முடக்கிவிட்டுப் புதிய கார்டு வாங்கிவிடலாம். கடவுச்சொல் என்றால் அது அப்படியே எழுத்தாகக் கிடந்ததா, ஹாஷ் (திரும்பப் படிக்க முடியாதபடி உருமாற்றுவது) செய்யப்பட்டிருந்ததா, அதில் சால்ட் (உடைப்பதைக் கடினமாக்க ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் கலக்கும் தனித்தனி எழுத்துகள்) சேர்த்திருந்தார்களா என்று தெரிய வேண்டும். லிங்க்ட்இன் விஷயத்தில் ஹாஷ் இருந்தது, சால்ட் இல்லை; அதனால் பெரும்பகுதி சீக்கிரமே உடைந்துபோனது. பிறந்த தேதியும் அரசு அடையாள எண்ணும் என்றால் நிலைமையே வேறு. பிறந்த தேதியை நான் எங்கே போய் மாற்றுவது?

உங்கள் மெயில் வந்து ஒன்பதாம் நாள் எனக்கு ஒரு போன் வந்தது. நல்ல மரியாதையான குரல். என் முழுப் பெயரைச் சொன்னார். உங்களிடம் கடைசியாக நான் என்ன வாங்கினேன், எந்தத் தேதியில் வாங்கினேன், எந்த முகவரிக்கு வந்தது, கார்டின் கடைசி நான்கு எண் என்ன, எல்லாம் சரியாகச் சொன்னார். “சமீபத்தில் எங்கள் நிறுவனத்தில் ஒரு பாதுகாப்புப் பிரச்சினை நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும் சார். அதற்காகத்தான் உங்கள் பணத்தைப் பத்திரப்படுத்தப் பேசுகிறோம். இப்போது ஒரு ஓடிபி வரும்.” வந்தது. எண்ணைப் படிக்க வாயைத் திறந்தும் விட்டேன். திரையில் அந்த ஆறு இலக்கத்துக்குக் கீழே ‘இதை யாரிடமும் பகிர வேண்டாம்’ என்ற வரி கண்ணில் பட்டது. போனை வைத்தேன். கை நடுங்கியதை இன்னும் மறக்கவில்லை.

கவனியுங்கள். அவருக்கு என் கடவுச்சொல் தேவைப்படவில்லை, நான் அதை அன்றிரவே மாற்றியும் விட்டேன். நான் வாங்கிய பொருளின் பட்டியல் போதுமாக இருந்தது. உங்கள் மெயிலில் ‘தங்கள் பழைய ஆர்டர் விவரமும் தொலைபேசி எண்ணும் போயிருக்கின்றன, அதை வைத்து எங்கள் பெயரில் யாராவது கூப்பிடலாம், நாங்கள் ஒருபோதும் ஓடிபி கேட்க மாட்டோம்’ என்று ஒரு வரி இருந்திருந்தால் முதல் நிமிஷத்திலேயே போனை வைத்திருப்பேன்.

அந்த மெயிலில் இருந்த இணைப்பை அன்றிரவு நான் தொடவில்லை. அதற்கும் ஒரு காரணம் உண்டு. யார் எவ்வளவு கடன் வாங்கினார், எப்படிக் கட்டினார் என்று கோப்பு வைத்திருக்கும் அமெரிக்காவின் கடன் விவர நிறுவனமான ஈக்விஃபாக்ஸிடமிருந்து 2017இல் சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் தகவல் போனது. மார்ச்சிலேயே வெளியான ஒரு மென்பொருள் திருத்தத்தைப் போடாமல் விட்டதால் வந்த வினை. பாதிக்கப்பட்டவர்களுக்காகத் தங்கள் வழக்கமான தளத்தை விட்டுவிட்டு, நீளமான பெயரில் புதிதாக ஒரு தளம் தொடங்கினார்கள். அந்தப் பெயரில் இரண்டு சொல்லை முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டு ஒருவர் போலித் தளம் உருவாக்கினார், இப்படிச் செய்வது எவ்வளவு ஆபத்து என்று காட்டுவதற்காக. நல்ல மனிதர். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை: ஈக்விஃபாக்ஸின் சொந்த ட்விட்டர் கணக்கே வாடிக்கையாளர்களை அந்தப் போலி முகவரிக்கு அனுப்பியது, ஒருமுறை அல்ல, பலமுறை. உங்கள் ஆட்களுக்கே எது அசல் என்று தெரியாதபோது, மெயிலில் நீல நிறத்தில் இருப்பதை நாங்கள் எப்படி நம்பி அழுத்துவது? தள முகவரியை நானே தட்டச்சு செய்துதான் உள்ளே போனேன். இதைப் படிக்கிற மற்றவர்களும் அப்படியே செய்யலாம்.

சரி, நீங்கள் சொல்லாமல் விட்டதையெல்லாம் ஊகித்து, அன்று இரவு இரண்டு மணி வரை நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் உங்கள் கணக்கைத் தொடவே இல்லை. என் மின்னஞ்சல் கணக்குக்குப் போனேன். வேறெந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்தாலும் மாற்று வழி அங்கேதான் வந்து சேரும். அது கைமாறினால் எல்லாமே கைமாறும். புதிய கடவுச்சொல், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றம், அப்புறம் ஒருவர்கூட எட்டிப் பார்க்காத ஓர் இடம்: மெயிலைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் அமைப்பு ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று. உள்ளே நுழைந்தவன் அங்கே ஒரு வரி எழுதிவிட்டால், கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் என் மெயில் அவனுக்கும் போய்க்கொண்டே இருக்கும்.

அடுத்தது வெட்கப்பட வேண்டிய வேலை. அதே கடவுச்சொல்லை வேறு எங்கெல்லாம் போட்டிருந்தேன் என்று யோசித்தேன். ஏழு இடம். ஒன்று முதலீட்டுக் கணக்கு. ஒவ்வொன்றையும் மாற்றி, கடவுச்சொல் மேலாண்மைச் செயலி ஒன்றில் போட்டு வைத்தேன். எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வரும் இடங்களில், முடிந்தவரை போனிலேயே எண் உருவாக்கும் செயலிக்கு மாறினேன். என் பெயரில் வேறொருவர் மாற்று சிம் வாங்கிவிட்டால் எஸ்எம்எஸ் அவருக்குத்தானே போகும். ‘உங்கள் தாயார் பிறந்த ஊர்’ மாதிரியான பாதுகாப்புக் கேள்விகளுக்கு இப்போதெல்லாம் பொய்தான் சொல்கிறேன். அந்தப் பொய்களும் அதே செயலியில் இருக்கின்றன. கடன் விவர நிறுவனங்களில் என் கோப்பை முடக்கி வைக்கும் வசதி இருந்தால் அதையும் செய்துவிடுவது நல்லது. முடக்கிவிட்டால் என் பெயரில் யாரும் எளிதில் புதுக் கடன் வாங்க முடியாது. அமெரிக்காவில் 2018 செப்டம்பரிலிருந்து இது இலவசம். அதற்கு முன்னால் பல மாநிலங்களில் காசு கேட்டார்கள், தகவலைத் தொலைத்ததும் அதே நிறுவனங்களாக இருக்கலாம் என்பதைப் பற்றிக் கவலையே படாமல்.

ஒரே கடவுச்சொல்லைப் பல இடத்தில் போட்டது என் தப்புதான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒப்புதலை உங்கள் வக்கீல் எப்படிப் பயன்படுத்துவார் என்பதும் தெரியும். மரபணுச் சோதனை நிறுவனமான 23அண்ட்மீயில் 2023இல் நடந்தது நினைவிருக்கும். வேறு தளங்களிலிருந்து கசிந்த கடவுச்சொற்களை வைத்து சுமார் 14,000 கணக்குகளுக்குள் புகுந்தார்கள். உறவினர்களைக் கண்டுபிடிக்கும் வசதி வழியாக அங்கிருந்து 69 லட்சம் பேரின் விவரத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். வழக்கு வந்ததும் நிறுவனத் தரப்பு சொன்னது, பழைய கடவுச்சொல்லையே மறுபடி பயன்படுத்தியது வாடிக்கையாளர்களின் அலட்சியம் என்று. சரி, 14,000 பேர் அலட்சியமாக இருந்தார்கள். மீதி 68 லட்சத்துச் சொச்சம் பேர் என்ன செய்தார்கள்? இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லுக்கு மேல் ஓடிபி மாதிரி இன்னொன்றும் கேட்பதை) எல்லோருக்கும் கட்டாயமாக்கியதும் திருட்டுக்குப் பிறகுதான். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2025இல் அந்த நிறுவனத்துக்கு 23 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் போட்டது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். ‘நஷ்டம் என்ன, ரூபாயிலோ டாலரிலோ சொல்லுங்கள்’ என்பதுதான் உங்கள் தரப்பின் நிரந்தர வாதம். அது இன்னும் சில இடங்களில் செல்லுபடியாகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021இல், டிரான்ஸ்யூனியன் என்ற இன்னொரு கடன் விவர நிறுவனத்தின் வழக்கில், ஒருவரின் கோப்பில் தவறான தகவல் இருந்தால் மட்டும் போதாது, நிஜமான பாதிப்பு நடந்திருக்க வேண்டும் என்றது. அந்தக் கூட்டு வழக்கில் இருந்த 8,185 பேரில், தவறான தகவல் வெளியாருக்குப் போன 1,853 பேருக்கு மட்டுமே இழப்பீடு கேட்கும் தகுதி நிலைத்தது. தகவல் கசிவு வழக்குகளில் இந்தத் தீர்ப்பு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது.

ஐரோப்பாவில் காற்று வேறு பக்கம் அடிக்கிறது. பல்கேரியாவின் வரித் துறையிலிருந்து 2019இல் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தகவல் கசிந்தது. அது தொடர்பான வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2023 டிசம்பரில் இரண்டு விஷயம் சொன்னது. தகவல் தவறாகப் பயன்படுத்தப்படுமோ என்ற பயமே இழப்பீட்டுக்குரிய பாதிப்பாக இருக்கலாம். வெறும் வாய்வார்த்தையாக இல்லாமல் அந்தப் பயத்துக்கு அடிப்படை இருக்க வேண்டும், அவ்வளவுதான். பாதுகாப்பு ஏற்பாடு போதுமானதாக இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு, தகவலை வைத்திருந்தவருடையது. அதாவது, ‘நீங்கள் எங்கே கோட்டை விட்டீர்கள் என்று நான் காட்ட வேண்டியதில்லை, கோட்டை விடவில்லை என்று நீங்கள்தான் காட்ட வேண்டும்.’ இதைப் படித்தபோது எனக்கு ஒரு காபி குடித்த தெம்பு வந்தது. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில், ஃபேஸ்புக் பயனர்களின் தகவல் கசிந்த வழக்கில், தன் தகவல் மேல் ஒருவருக்கு இருந்த கட்டுப்பாடு பறிபோனதே ஒரு பாதிப்பு என்றது. சுமார் 100 யூரோ பொருத்தமாக இருக்கலாம் என்றும் கோடிகாட்டியது.

நூறு யூரோ பெரிய தொகை இல்லை. கூட்டு வழக்குகளில் வருவது அதைவிடவும் குறையும். ஈக்விஃபாக்ஸ் சமரசத்தில், கடன் கோப்பைக் கண்காணிக்கும் இலவசச் சேவை வேண்டாம் என்பவர்களுக்கு 125 டாலர் என்று அறிவித்தார்கள். அதற்கு ஒதுக்கியது மொத்தமே 3 கோடியே 10 லட்சம் டாலர். கணக்குப் போட்டால் இரண்டரை லட்சம் பேருக்குக்கூட முழுசாக வராது. விண்ணப்பங்கள் குவிந்ததும், பணம் ரொம்பக் கம்மியாகத்தான் வரும், கண்காணிப்புச் சேவையையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று அரசு அமைப்பே சொல்லும்படி ஆனது. முன்னதாக, அந்த நிறுவனம் கசிவை அறிவித்தபோது கொடுத்த இலவசச் சேவையின் விதிமுறைகளுக்குள், வழக்குப் போடும் உரிமையை விட்டுவிட்டு நடுவரிடம் போக வேண்டும் என்ற வரியும் இருந்தது. கூச்சல் கிளம்பியதும் எடுத்தார்கள். அதனால், நீங்கள் இலவசமாக எதையாவது நீட்டினால், முதலில் அதன் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லி என் நண்பர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

அபராதம் என்பது வேறு கணக்கு. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி 250 கோடி ரூபாய் வரை விதிக்கலாம், ஆனால் அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும், தகவலை இழந்தவருக்கு வராது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தகவல் பாதுகாப்பு விதிமுறையில் 2 கோடி யூரோ அல்லது உலக விற்றுமுதலில் 4 சதவீதம், எது அதிகமோ அது வரைக்கும் போகலாம். இருந்தாலும் தகவல் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு ஆணையத்திடம் புகார் கொடுப்பதை நான் விட மாட்டேன். பெரும்பாலும் காசு செலவில்லை, வக்கீல் வேண்டாம், ஆணையம் விசாரித்து எழுதி வைப்பது பின்னால் என் சொந்த வழக்குக்கும் உதவும்.

பணம் நேராகவே போய்விட்டவர்களுக்கு இதெல்லாம் இரண்டாம் பட்சம். அவர்கள் அந்த மணி நேரத்திலேயே வங்கியை அழைத்துப் பரிவர்த்தனையை மறுக்க வேண்டும், காவல் துறையில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து நகல் வாங்க வேண்டும். தாமதமானால் பொறுப்பு அவர்கள் தலையில் விழுகிற விதிகள் பல நாடுகளில் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. வழக்குப் போட்டு ஜெயிக்கிறவரை நீங்கள் இருப்பீர்களா என்பது. பின்லாந்தின் வஸ்தாமோ என்ற மனநல சிகிச்சை நிறுவனத்திடமிருந்து சுமார் 33,000 பேரின் தகவல் போனது. 2020 அக்டோபரில் திருடன் நோயாளிகளுக்கே நேரடியாக எழுதினான்: 200 யூரோ பிட்காயினாகக் கொடு, 24 மணி நேரம் தாண்டினால் 500, இல்லாவிட்டால் சிகிச்சையில் நீ பேசியதை வெளியிடுவேன் என்று. ஒரு மருத்துவரிடம் கதவைச் சாத்திக்கொண்டு சொன்ன விஷயங்கள் அவை. மறு வருஷமே நிறுவனம் திவாலானது. திருடனுக்கு 2024இல் ஆறு வருஷத்துக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது. வெளியே போன குறிப்புகளுக்கு எந்தத் தீர்ப்பும் ஒன்றும் செய்ய முடியாது.

இனி உங்களிடம் நான் கேட்பது. அடுத்த முறை (வரும் என்று தெரியும்) மெயில் எழுதும்போது, என் பெயருக்கு நேரே எந்தெந்த விவரங்கள் இருந்தன என்று பட்டியல் போடுங்கள். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை வெளியார் உள்ளே இருந்தார், உங்களுக்கு எந்த நாளில் தெரிந்தது, ஆணையத்துக்கு எந்த நாளில் சொன்னீர்கள் என்று தேதி போடுங்கள். ஐரோப்பிய விதிமுறை ஆணையத்துக்குச் சொல்ல உங்களுக்குத் தருவது 72 மணி நேரம். எங்களுக்கு மட்டும் ஏன் மாதக் கணக்கு? ஊபர் 2016இல் 5 கோடியே 70 லட்சம் பேரின் தகவலைப் பறிகொடுத்துவிட்டு, திருடியவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்து ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது. அதை மறைத்த பாதுகாப்புத் தலைவர் 2022இல் குற்றவாளி என்று தீர்ப்பானார். அப்புறம், ஒரு மனிதரின் பெயரும் தொலைபேசி எண்ணும் போடுங்கள். பதில் அனுப்ப முடியாத முகவரியிலிருந்து மன்னிப்புக் கேட்காதீர்கள்.

அந்த மூடிய கணக்கு விஷயம். என் முதல் யோசனை, ‘என் தகவலை உடனே அழியுங்கள்’ என்று எழுதுவதாக இருந்தது. வக்கீலாக இருக்கும் ஒரு தோழி தடுத்தார். “முதலில் நகல் கேள். என்ன வைத்திருந்தார்கள், ஏன் வைத்திருந்தார்கள், யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று கேள். அது கைக்கு வந்த பிறகு அழிக்கச் சொல். இப்போதே அழிக்கச் சொன்னால் உன் சாட்சியை நீயே அழிக்கச் சொல்கிற மாதிரி.” அவர் சொன்னபடியே உங்கள் மெயிலை, அது எங்கிருந்து எந்த வழியாக வந்தது என்று காட்டும் தலைப்பு விவரங்களோடு சேமித்தேன், அந்த போன் வந்த நேரத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்தேன், கடவுச்சொல் மாற்றியதற்கும் கார்டு மாற்றியதற்கும் செலவான மணிகளை ஒரு தாளில் குறித்து வைத்தேன். இதுவரை பதினொன்றரை மணி நேரம். நான்கு வருஷத்துக்கு முந்தைய ‘வெற்றிகரமாக நீக்கப்பட்டது’ மெயிலையும் அதோடு சேர்த்திருக்கிறேன். அது உங்கள் வக்கீலுக்குப் பிடிக்காது என்று நினைக்கிறேன்.

அப்புறம், என் தகவலின் நகல் கேட்டு, உங்கள் தளத்தில் கொடுத்திருந்த முகவரிக்கு எழுதினேன். மூன்று நிமிஷத்தில் தானியங்கிப் பதில் வந்துவிட்டது, அந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். என் கோரிக்கையைப் பரிசீலிக்க என் அடையாளத்தை உறுதிப்படுத்த வேண்டுமாம். அரசு வழங்கிய அடையாள அட்டையின் இரு பக்கமும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து, கீழே உள்ள இணைப்பில் ஏற்ற வேண்டுமாம்.

இன்னும் ஏற்றவில்லை. வேறு வழி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். என் முகவரி, தொலைபேசி எண் இரண்டும் உங்களிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
நீங்கள் நீக்கிவிட்டதாகச் சொன்ன ஒரு வாடிக்கையாளர்